நட்டவர்களும் காத்தவர்களும்: தில்லி முகட்டின் மரக்கன்று வரலாறு

இந்திய நகரங்களின் மர வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நடுகையிலிருந்தே தொடங்குகின்றனர். எந்த ஆண்டில், எந்த அதிகாரியின் முன்னிலையில், எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்பதற்கு ஆவணங்கள் எளிதில் கிடைக்கின்றன. நடுகை விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. நாளிதழ்ப் படம் உண்டு. துறையின் ஆண்டறிக்கையில் ஒரு பத்தியும் உண்டு. நட்ட கன்று மூன்றாவது கோடையைக் கடந்ததா, கடந்திருந்தால் யாருடைய உழைப்பால் கடந்தது என்னும் வினாக்களுக்கு அத்தகைய ஆவண வசதி கிடையாது. ஆனால் ஒரு மலை காடாவதும் கட்டாந்தரையாவதும் இந்த இரண்டாவது வினாவில்தான் தீர்மானமாகின்றன.

தில்லி நகரத்தை ஒட்டிய அரவல்லிக் குன்றுகளை முன்வைத்து இவ்வினாவைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். சுமார் நூற்றைம்பது ஆண்டுகளில் அக்குன்றுகளில் ‘காவல்’ என்னும் சொல் மூன்று முறை பொருள் மாறியிருக்கிறது. முதலில் அது மலையடிவார மக்களையும் அவர்களின் ஆடுமாடுகளையும் வெளியே நிறுத்துவதைக் குறித்தது. பின்னர், கட்டடங்களையும் சாலைகளையும் வெளியே நிறுத்துவதைக் குறித்தது. அண்மைக் காலத்தில்தான் கன்றின் அருகே ஆள் இருப்பது என்னும் பொருள் அதற்கு வந்திருக்கிறது. இன்று நகர்ப்புறத் தன்னார்வலர் ஞாயிறு காலையில் மண்வெட்டியுடன் செல்லும் குன்று இம்மூன்று காவல்களையும் கண்ட குன்று. பதிவு நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1. குன்றும் அதன் மரங்களும்

‘ரிட்ஜ்’ என்று வழங்கும் தில்லி முகடு, அரவல்லி மலைத்தொடரின் வடகோடி. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர் நீளும் அத்தொடர், யமுனையின் மேற்குக் கரையில், இன்றைய தில்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டித் தாழ்ந்து முடிகிறது. குவார்ட்சைட் எனப்படும் கடினமான பாறை. அதன்மேல் மெல்லிய மண்போர்வை. ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பங்கு ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகையைத் தொடும்.

இத்தகைய நிலத்துக்கு உரிய மரங்கள் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. அங்கே ‘கேஜ்ரி’ என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி. ‘டாக்’ என்பது புரசு, அதாவது பலாசு. ‘ரோஞ்ஜ்’ என்பது வெள்வேல். ‘பீலு’ என்பது உகாய். இவற்றோடு, நறுமணப் பிசின் தரும் சலாய், வெண்ணிறப் பட்டையுடைய குல்லு ஆகியவை பாறைச்சரிவுகளில் வளர்பவை.

இம்மரங்களுள் வரலாற்று மாணவர் தனியாகக் கவனிக்க வேண்டியது ‘தௌ’. நம் மலைகளில் வளரும் வெக்காலியின் நெருங்கிய உறவு மரம் அது. ஆடுமாடுகள் மேய்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் தௌ நிமிர்ந்து வளர்வதில்லை. பாறையோடு பாறையாகத் தரையில் படர்ந்து, முழங்கால் உயரத்துக்கும் குறைவான புதராகப் பல்லாண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேய்ச்சல் நின்றதும் அதே புதரிலிருந்து தண்டு எழுந்து மரமாகும். எனவே அரவல்லியில் ‘மரமில்லாத குன்று’ என்று பதிவு செய்யப்பட்ட இடமெல்லாம் காடற்ற இடம் என்று கொள்ள இயலாது. காடு அங்கே குனிந்து காத்திருந்திருக்கக்கூடும். அங்கு நடுவதைவிட விட்டுவைப்பதே பெரிய பணி.

2. முதற்காவல்: மக்களை வெளியேற்றியது

1857 ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆங்கிலேயப் படை தில்லியை நோக்கி முகாமிட்டிருந்தது இம்முகட்டின் வடபகுதியில்தான். வெற்றிக்குப் பின் அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது. குன்றின் மீது ஆட்சியாளருக்கு ஏற்பட்ட அக்கறை முதலில் நினைவிடம் சார்ந்ததாகவும், பின்னர் ஐரோப்பியர் குடியிருப்பின் சூழல் சார்ந்ததாகவும் இருந்தது. 1883 முதல் 1913 வரையிலான மரநடுகை முயற்சிகளை மைக்கேல் மான், சமீக்ஷா செஹ்ராவத் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை விரிவாக ஆராய்கிறது. வெறுமையான பாறைக்குன்று ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. பசுமையான பின்னணி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பதை அக்கட்டுரையின் தலைப்பே குறிப்பால் உணர்த்துகிறது.

1911 டிசம்பர் தர்பாரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ரைசினா, மால்ச்சா முதலிய ஊர்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. அரசு மாளிகையின் பின்புலமாக அமையவிருந்த மத்திய முகடு 1913இல், 1878ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ்க் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. வடமுகடு 1915இல் அவ்வாறே ஆனது. காப்புக்காடு என்னும் சட்டச்சொல்லின் உள்ளடக்கத்தை மாணவர்கள் நுணுகிப் பார்க்க வேண்டும். அதுவரை மேய்ச்சல், விறகு, புல் ஆகியவற்றுக்காகக் குன்றேறிய மக்களின் வழக்குரிமை அங்கே முடிவுக்கு வருகிறது; அனுமதியுடன் செய்ய வேண்டியதாகவோ குற்றமாகவோ அது மாறுகிறது. கன்றுக்குக் காவல் என்பதன் முதற்பொருள் இதுவே. வனக்காவலர் நின்றது கன்றின் அருகில் அன்று. எல்லையில், ஊரை நோக்கி.

இக்காவலால் பயன் விளையவில்லை என்று சொல்லிவிட முடியாது. மேய்ச்சல் தடுக்கப்பட்ட நிலத்தில் புதர்கள் எழவே செய்யும். ஆயினும் குன்றைப் பற்றி அதிகம் அறிந்தோர், எந்த மரத்தின் விதை எப்போது விழும், எந்த ஓடையில் எத்தனை நாள் ஈரம் நிற்கும் என்பதை நாள்தோறும் கண்டோர், அதன் எதிரிகளாக ஏட்டில் எழுதப்பட்டனர். காவலுக்கு வேண்டிய அறிவும் காவலுக்கு வேண்டிய அதிகாரமும் அன்று பிரிந்தன. அப்பிரிவினையின் விளைவைப் பின்வந்த நூற்றாண்டு முழுவதும் காண்கிறோம்.

3. காவல் வேண்டாத மரம்

புதுதில்லியின் சாலைமரங்களுக்கும் முகட்டின் மரங்களுக்கும் இடையிலான வேறுபாடு இங்கே கருதத்தக்கது. தோட்டக்கலை அலுவலர் டபிள்யூ. ஆர். மஸ்டோவும் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸும் திட்டமிட்ட சாலைகளில் நாவல், வேம்பு, புளி, மருது முதலிய மரங்கள் வரிசையாக நடப்பட்டன. அவற்றுக்கு நாற்றங்கால் இருந்தது, நீர் இருந்தது, பராமரிக்க ஆள்களும் இருந்தனர். நூறாண்டு கடந்தும் அம்மரங்கள் நிழல் தருகின்றன. பாறைமுகட்டில் அதே அளவு ஆள்பலத்தைச் செலவிட அரசு முன்வரவில்லை. அங்கே தேவைப்பட்டது, நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டாத ஒரு மரம்.

அம்மரம் ஏற்கெனவே இந்தியாவுக்கு வந்திருந்தது. வந்த வழியில் சென்னை மாகாணத்துக்கும் பங்கு உண்டு. 1876இல் மாகாணத்தின் வடவட்ட வனக்காப்பாளராக இருந்த ஆர். எச். பெடோம், ‘ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’வின் விதைகளை வரவழைக்கக் கோரி எழுதினார், அன்று மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பை மாவட்டத்தில் அது 1877இல் விதைக்கப்பட்டது. மெக்சிக்கோ முதலிய அமெரிக்க வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை நாம் சீமைக் கருவேலம் என்கிறோம். வட இந்தியர் ‘விலாயதி கீகர்’ என்கின்றனர். சீமை, விலாயதி என இரு மொழிகளும் ஒரே அடைமொழியைத் தேர்ந்திருப்பது அதன் வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறது. ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் அதனை அரச மரியாதைக்குரிய மரமாகவே அறிவித்தது. தில்லி முகட்டில் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலிருந்து அது புகுத்தப்பட்டது.

சீமைக் கருவேலத்தின் வெற்றிக்குக் காரணங்கள் தெளிவானவை. அதன் இலையைக் கால்நடைகள் பொதுவாகத் தீண்டுவதில்லை. நெற்றை விரும்பித் தின்னும். விதை சாணத்தோடு வெளிவந்து, உரத்துடனேயே முளைக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பன்மடங்காகத் துளிர்க்கும். வேர் ஆழம் சென்று நீரைத் தேடும். அதன் அடர்நிழலில் நாட்டு மரங்களின் நாற்றுகள் எழுவது அரிது. மேய்ச்சலும் விறகுவெட்டும் தொடரும் நிலத்தில் வன்னியும் தௌவும் தோற்கும், இது வெல்லும். நம் வழக்கில் இதற்கு வேலிக்காத்தான் என்ற பெயரும் உண்டு. பிற பயிருக்கு வேலியாக நிற்கும் இம்மரம் தனக்கென வேலி எதுவும் கேட்பதில்லை. இராமநாதபுரத்துக் கண்மாய்களைக் கண்டவருக்கு இது விளக்க வேண்டிய செய்தியே அன்று.

இதனைத் தாவரவியல் விபத்து என்று கருதுவது பொருந்தாது. உழைப்பைப் பற்றிய ஒரு முடிவே மரத்தைப் பற்றிய முடிவாக வெளிப்பட்டது. நாட்டு மரக்கன்றுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். ஊராரின் ஒத்துழைப்பும் வேண்டும். ஊராரை வெளியேற்றியபின், கூலிக்கும் நிதி ஒதுக்காதபோது, எஞ்சிய வழி சீமைக் கருவேலம் ஒன்றே.

4. நடுகை விழாவாயிற்று

1947 ஜூலையில், தில்லியின் துணை ஆணையராக இருந்த எம். எஸ். ரந்தாவாவின் முன்முயற்சியில் மரநடுகை வாரம் ஒன்று கொண்டாடப்பட்டது. பூக்கும் மரங்கள் பற்றி ஆழ்ந்து எழுதிய தாவர அறிஞர் அவர். அடுத்த இரு மாதங்களில் அதே நகரம் கலவரத்திலும் அகதிகளின் வருகையிலும் மூழ்கியது. 1950 ஜூலையில் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே. எம். முன்ஷி ‘வனமகோத்சவம்’ என்னும் பெயரில் அதனை நாடு தழுவிய ஆண்டு விழாவாக்கினார். தமிழகப் பள்ளிகளில் பயின்ற நாமனைவரும் அறிந்த விழா அது.

ஜூலையைத் தேர்ந்தது மழைக்கணக்கில் சரியானது. விழாவின் குறை அதன் அளவுகோலில் இருந்தது. நடப்பட்ட எண்ணிக்கை உடனே கிடைக்கும்; பிழைத்த எண்ணிக்கை மூன்றாண்டு கழித்தே கிடைக்கும். அதற்குள் அமைச்சர் மாறியிருப்பார், அலுவலர் மாற்றலாகியிருப்பார், அதே குழியில் அடுத்த ஆண்டுக் கன்றும் நடப்பட்டிருக்கும். நடுகைக்கு ஒரு நாள் போதும். காவலுக்கு ஆயிரம் நாள் வேண்டும். நிதியாண்டு என்னும் முந்நூற்று அறுபத்தைந்து நாள் கணக்கில் அந்த ஆயிரம் நாள் அடங்குவதில்லை. விழா மனப்பான்மையை வெறும் பகட்டு என்று இகழ்வதைவிட, அரசுக் கணக்கியலுக்கும் மரத்தின் வயதுக்கும் இடையிலுள்ள இந்தப் பொருத்தமின்மையை ஆராய்வதே ஆய்வாளருக்குப் பயன் தரும்.

5. இரண்டாங்காவல்: மாணவரும் நீதிமன்றமும்

விடுதலைக்குப் பின் தில்லியின் மக்கள்தொகை பெருகியது. முகட்டின் நிலம் சாலைகளாலும் நிறுவனங்களாலும் குடியிருப்புகளாலும் பூங்காக்களாலும் துண்டாடப்பட்டது. 1979இல் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலர் முகட்டுக்காட்டின் அழிவை எதிர்த்துத் திரண்டனர். அந்த எதிர்ப்பிலிருந்து ‘கல்பவிருட்சம்’ என்னும் சூழலியல் அமைப்பு தோன்றியது. இந்தியச் சூழல் இயக்க வரலாற்றில் சிப்கோவையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் பேசும் நாம், தலைநகரின் மாணவர்கள் தம் கல்லூரிக்கு அருகிலிருந்த புதர்க்காட்டுக்காக நின்றதையும் அவற்றோடு சேர்த்துப் பேச வேண்டும். அவர்கள் காக்க முனைந்த காட்டில் சீமைக் கருவேலமே மிகுதியாக இருந்தது என்பது அவ்வரலாற்றின் சிக்கலான பகுதி. இடம் பறிபோகும் நேரத்தில் இனத்தைப் பற்றி வாதிட அவகாசம் இருப்பதில்லை.

அடுத்து வந்தது சட்டத்தின் காலம். 1993இல் லவ்ராஜ் குமார் தலைமையிலான குழு முகட்டின் நிருவாகம் பற்றி அறிக்கை அளித்தது. 1994 மே மாதத்தில் சுமார் 7,777 ஹெக்டேர் பரப்பு, 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் நான்காம் பிரிவின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்டது. அதே ஆண்டில் தில்லி மரப்பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1995இல் முகடு மேலாண்மை வாரியம் அமைந்தது. 1996 டிசம்பர் 12 அன்று, நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளை முன்னிட்டுத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், ஆவணத்தில் எவ்வாறு பதியப்பட்டிருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கூடலூரில் எழுந்த வழக்கு அரவல்லிக் குன்றுகளுக்கும் அரணாயிற்று. 2002இல் ஹரியானா அரவல்லியில் சுரங்கத் தொழிலுக்கு நீதிமன்றம் தடை விதித்தது.

இரண்டாங்காவலின் பெருமை இடத்தைக் காத்ததில் இருக்கிறது. அதன் எல்லையும் அதுவே. தடையாணை கல்லுடைப்பை நிறுத்தும். உடைக்கப்பட்ட குழியில் தௌ முளைக்க அதனால் வழி செய்ய இயலாது. மேல்மண் அகற்றப்பட்ட சுரங்க நிலத்தில் விதையும் இல்லை, வேரும் இல்லை. அங்கே குனிந்து காத்திருந்த காடும் இல்லை. அத்தகைய நிலத்தில் எதையும் செய்யாமல் விட்டால் வருவது பெரும்பாலும் சீமைக் கருவேலமே.

6. மூன்றாங்காவல்: கன்றின் அருகே

நாட்டு மரங்களைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டுதலில் யமுனைக் கரையிலும் வசந்த் விஹார் அருகிலான அரவல்லி நிலத்திலும் உயிர்ப்பன்மயப் பூங்காக்கள் உருவாயின. சீமைக் கருவேலத்தை ஒரேயடியாக வேரோடு பிடுங்காமல், கிளைகளைக் கழித்து ஒளி புகவிட்டு, அடியில் நாட்டு இனங்களை எழுப்பும் முறையை அவர் வலியுறுத்தினார். 2006இல் பிரதீப் கிருஷன் எழுதி வெளியான தில்லி மரங்கள் பற்றிய நூல், தம் தெருவிலுள்ள மரத்தின் பெயரறியாத நகர வாசகர் பலரையும் மரம் நோக்கித் திருப்பியது.

தன்னார்வப் பணியின் வரலாற்றில் தனியிடம் பெறுவது குருகிராம் அரவல்லி உயிர்ப்பன்மயப் பூங்கா. தில்லி எல்லையை ஒட்டி 150 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. சுரங்கம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலம். ‘ஐ ஆம் குர்கான்’ என்னும் குடிமக்கள் குழு, மாநகராட்சியுடன் இணைந்து 2010இல் அங்கே பணியைத் தொடங்கியது. மீட்டுருவாக்கப் பணியை விஜய் தஸ்மானா வழிநடத்தினார். எஞ்சியுள்ள அரவல்லிக் காடுகளில் விதை திரட்டி, சொந்த நாற்றங்காலில் ஏறத்தாழ 200 வகை நாட்டுத் தாவரங்களை வளர்த்தனர். சலாய், குல்லு, தௌ போன்றவற்றின் கன்றுகள் அன்று வணிக நாற்றங்கால்களில் விலைக்குக் கிடைப்பவை அல்ல. விதையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. சரிவுக்குச் சலாய், பள்ளத்தாக்குக்குப் புரசு என நிலத்தின் கூறுக்கேற்ப மரம் தேர்ந்தனர். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகப் பணியாளர்களும் ஆண்டுதோறும் வந்து நட்டனர், நீரூற்றினர், களையெடுத்தனர். பூங்காவின் ஊடாக நெடுஞ்சாலை அமைக்கும் முன்மொழிவு எழுந்தபோது, தாம் நட்ட கன்றுக்காகவே நூற்றுக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தனர். 2022 பிப்ரவரியில், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகிய வகைகளுக்கு வெளியே உயிர்ப்பன்மயத்தைத் திறம்படக் காக்கும் பகுதி என்னும் பன்னாட்டு வகைப்பாட்டில் இந்தியாவின் முதல் இடமாக அது அறிவிக்கப்பட்டது.

வறண்ட குன்றில் கன்றைக் காப்பது என்பது நடைமுறையில் என்ன? முதலில் ஆடு, மாடு, நீலான் எனப்படும் நீலப்பசு ஆகியவற்றின் வாயிலிருந்து காப்பது. அதற்கு மலிவான வழி முள்ளடைப்பு. வெட்டிக் கழித்த சீமைக் கருவேலக் கிளைகளே வன்னிக் கன்றுக்கு வேலியாகும். இரண்டாவது, புல்லிலிருந்து காப்பது. மழைக்காலத்தில் எழும் உயர்ந்த புல் இளங்கன்றின் ஒளியையும் ஈரத்தையும் பறிக்கும். கன்றைச் சுற்றி வட்டமாக அறுத்து, அறுத்த புல்லையே மூடாக்காக இட வேண்டும். மூன்றாவது, நெருப்பிலிருந்து காப்பது. ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்த புல்லில் விழும் ஒரு பீடித்துண்டு மூன்றாண்டு உழைப்பை ஒரு பிற்பகலில் அழிக்கும். ஆகவே கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகள் வெட்ட வேண்டும். நான்காவது, நீர். முதலிரு கோடைகளில் அளந்து ஊற்ற வேண்டும். மூன்றாம் ஆண்டில் படிப்படியாகக் குறைத்து வேரை ஆழத்துக்குப் பழக்க வேண்டும். ஐந்தாவதாக, எண்ணுதல். எது பட்டுப்போனது, எங்கே, ஏன் என்று பருவந்தோறும் குறித்து வைக்காதவர் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே மரத்தை நட்டு இழப்பார்.

இவ்வைந்திலும் விழாவுக்கு இடமில்லை. ஐந்தும் திரும்பத் திரும்ப வருவதைக் கோருபவை. மூன்றாங்காவலின் புதுமை இந்த மீள்வருகையில்தான் இருக்கிறது.

7. தன்னார்வலருக்கு முந்திய காவலர்

மூன்றாங்காவல் உண்மையில் புதியதா என்று கேட்கவும் இடமிருக்கிறது. குருகிராமுக்கும் ஃபரீதாபாதுக்கும் இடையில் மாங்கர் பணி என்னும் காடு உள்ளது. சுற்றிலும் கல்லுடைத்த குன்றுகள். நடுவில் தௌ மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு. குதரியா தாஸ் பாபா என்னும் துறவியின் பெயரால் புனிதமாகக் கருதப்படும் அக்காட்டில் கிளை ஒடிப்பதில்லை, விறகு எடுப்பதில்லை என்னும் கட்டுப்பாட்டை மாங்கர் முதலிய சுற்றூர்களின் குஜ்ஜர் சமூகத்தார் தலைமுறைகளாகப் பேணி வந்துள்ளனர். அரசின் காப்புக்காட்டில் சீமைக் கருவேலம் ஓங்கியது. மேய்ச்சல் சமூகத்தின் கோயிற்காட்டில் தௌ நிலைத்தது. 1913இல் எந்த வாழ்முறையினர் குன்றின் எதிரிகள் என எழுதப்பட்டனரோ, அதே வாழ்முறையினர் காத்த காடுதான் இன்றைய மீட்டுருவாக்கத்துக்கு முன்மாதிரி. தமிழ்நாட்டுக் கோயிற்காடுகளை ஆராய்வோருக்கு இந்த ஒப்பீடு பயன்படும்.

இதனைக் கொண்டு பழைய ஊர்வழக்கத்தை இலட்சியமாக்கிவிடவும் கூடாது. அதே சுற்றூர்களின் பொதுநிலங்கள் பல தனியார் கைக்குச் சென்றன. குன்றுகள் உடைக்கப்பட்டபோது ஊராரும் அத்தொழிலில் ஈடுபட்டனர். நம்பிக்கை காத்தது ஒரு பள்ளத்தாக்கை. அடுத்த குன்றை அது காக்கவில்லை. ஆனால் நாள்தோறும் அருகிலிருப்பவரின் இசைவின்றிக் கன்று வளராது என்னும் பாடம் அதனால் வலுப்பெறவே செய்கிறது.

8. எழுதப்படாத பெயர்கள்

தன்னார்வப் பணியைப் போற்றும்போது இரண்டு செய்திகளை மறைக்கக் கூடாது. ஒன்று, கூலி. ஞாயிற்றுக்கிழமை வரும் தன்னார்வலர் பத்துக் கன்றுக்கு நீர் ஊற்றுகிறார். மற்ற ஆறு நாளும், 45 பாகை வெயிலிலும், குழாயை இழுத்துச் செல்பவர் கூலிக்கு வேலை செய்யும் தோட்டத் தொழிலாளி. நாற்றங்காலில் விதையின் உறக்கத்தைக் கலைக்கும் நுட்பத்தை ஆண்டுக்கணக்கில் கைப்பழக்கமாக்கியவரும் அவரே. மஸ்டோவின் பெயர் நூல்களில் உள்ளது. அவர் நாவல் கன்றுக்கு நீர் சுமந்தவர்களின் பெயரை எந்த நூலும் தாங்கவில்லை. நூறாண்டுக்குப் பிந்திய நம் காலத்து அறிக்கைகளும் தன்னார்வலரின் எண்ணிக்கையைத் தருகின்றன. தோட்டத் தொழிலாளியின் பெயரையும் நாட்கூலியையும் தருவது அரிது. காவல் என்பது அடிப்படையில் உழைப்பு எனில், அதன் வரலாறு உழைப்பாளரின் வரலாறாகவும் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது, விறகு. சீமைக் கருவேலம் சூழலியலாருக்குப் பகை; அடுப்பெரிக்க வேறு வழியற்ற பெண்ணுக்கு அது எரிபொருள். குன்றடியில் வாழும் கட்டடத் தொழிலாளர் குடும்பங்களும் ஊர்ப்புற ஏழைகளும் அதன் சுள்ளியை நம்பி இருந்துள்ளனர். நாட்டு மரம் என்னும் நல்ல நோக்கத்தின் பெயரால் அவர்களைச் சுவருக்கு வெளியே நிறுத்தினால், 1913இன் காவலை வேறு உடையில் மீண்டும் அமைத்தவர்களாவோம். கிளை கழித்துப் படிப்படியாக மாற்றும் முறைக்கு இச்சமூகக் காரணமும் வலுச்சேர்க்கிறது: கழிக்கும் கிளையை அவர்களுக்கே கொடுக்கலாம், வேலைக்கும் அவர்களையே அமர்த்தலாம்.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. நகரின் நடுவே முதிர்ந்த மரங்களை வெட்டுவதற்கு ஈடாக வேறெங்கோ கன்றுகள் நடப்படும் என்ற உறுதிமொழி இன்று அனுமதி ஆணைகளின் வழக்கமான வாசகமாகிவிட்டது. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்னும் கணக்கு, பத்தும் பிழைக்கும் என்னும் எழுதப்படாத அனுமானத்தின்மேல் நிற்கிறது. கன்றைக் காத்தவருக்கு அவ்வனுமானத்தின் மதிப்பு தெரியும். எனவே தன்னார்வலரின் குறிப்பேடு வெறும் பொழுதுபோக்குப் பதிவன்று. பொதுவாழ்வில் சான்றாகப் பயன்படக்கூடிய ஆவணம்.

9. ஆய்வு மாணவர்களுக்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஆய்வுமுறை சார்ந்த மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறேன். முதலாவது: நகர்ப்புறப் பசுமை குறித்து எழுதும்போது நடப்பட்ட எண்ணிக்கையை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள். பிழைத்த விழுக்காட்டைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. இரண்டாவது: வாய்மொழி வரலாற்றைத் தொகுங்கள். ஓய்வுபெற்ற வனக்காவலர், நாற்றங்கால் தொழிலாளர், ஆடு மேய்த்தோர், விறகு பொறுக்கியோர் ஆகியோரின் நினைவுகளில்தான் எந்தக் குன்றில் எந்த மரம் எப்போது மறைந்தது என்னும் செய்தி இருக்கிறது. அவர்களிற் பலர் முதியவர்கள். இப்பணியைத் தள்ளிப்போட இயலாது. மூன்றாவது: உங்கள் கல்லூரிக்கு அருகில் இளமரங்களைக் காக்கும் குழு இயங்குமாயின் அதில் சேருங்கள், சேர்ந்தபின் குறிப்பேட்டைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். கன்றின் இனம், நட்ட நாள், நீர் ஊற்றியவர், பட்டுப்போன காரணம் ஆகிய நான்கு பத்திகள் போதும். நீர் ஊற்றியவர் என்னும் பத்தியில் தன்னார்வலரின் பெயரோடு கூலித் தொழிலாளியின் பெயரும் இடம்பெறட்டும்.

1979இல் முகட்டுக்காக நின்ற மாணவர்களின் தலைமுறை இடத்தைக் காத்துக் கொடுத்தது. அவ்விடத்தில் எந்த மரம் நிற்கப்போகிறது, அதன் அருகில் யார் இருக்கப்போகிறார்கள் என்பவை அடுத்த தலைமுறை விடைகாண வேண்டிய வினாக்கள். தௌ மரம் மிக மெதுவாக வளர்வது. இன்று கன்றாக இருக்கும் ஒரு தௌ நிழல் தரும்போது இப்பதிவை வாசிக்கும் மாணவர் ஓய்வு பெறும் வயதை எட்டியிருப்பார். அதுவரை அந்தக் குறிப்பேடு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறும் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

தத்தம் நகரத்தை ஒட்டிய குன்று, ஏரிக்கரை, புறம்போக்கு ஆகியவற்றில் நாட்டு மரக்கன்றுகளைக் காத்த அனுபவமோ ஆவணமோ உடையவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன். குறிப்பாக, பிழைக்காத கன்றுகளைப் பற்றிய கணக்குகளை.